ஓடுவதற்கு விசை வேண்டாம், நிற்பதற்குத்தான் வேண்டும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "சார், பழைய நினைவுகளைப் பற்றிப் பேசுங்களேன்" என்றார். நினைவுகளைப் பேச இங்கே ஆளுக்குக் குறைவில்லை. நான் இயற்பியல் படித்தவன், முப்பது ஆண்டுகள் அதையே சொல்லிக் கொடுத்தவன். எனக்குத் தெரிந்தது அதுதான். ஆகவே விசை, நிறை, இயக்கம் என்று எல்லோரும் ஒன்பதாம் வகுப்பிலேயே படித்த பாடத்தைத்தான் மறுபடியும் எடுக்கப் போகிறேன். பயப்பட வேண்டாம். தேர்வு கிடையாது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிடுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி

ஒரு பந்தை நேர் மேலே எறிகிறீர்கள். அது கையை விட்டுக் கிளம்பிவிட்டது. உயரே போய்க்கொண்டிருக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் பந்தின் மேல் செயல்படும் விசைகள் எவை?

பின் வரிசையில் யாரோ "இரண்டு" என்கிறார்கள். மேல்நோக்கிக் கை கொடுத்த விசை ஒன்று, கீழ்நோக்கி இழுக்கும் புவியீர்ப்பு விசை ஒன்று. அப்படித்தானே? எத்தனை வகுப்புகளில் கேட்டாலும் பாதிப் பேருக்கு மேல் சொல்லும் பதில் இதுதான். இயற்பியலில் முதல் வகுப்பில் தேறியவர்களும் சொல்வார்கள்.

சரியான பதில் ஒன்றே ஒன்று. புவியீர்ப்பு மட்டும்தான். கை பந்தைத் தொட்டுக்கொண்டிருந்த வரைக்கும்தான் கையின் விசை. விட்டபிறகு கைக்கும் பந்துக்கும் உறவு முடிந்துவிட்டது. "அப்படியானால் எது அதை மேலே கொண்டுபோகிறது?" என்று கேட்பீர்கள். எதுவும் கொண்டுபோகவில்லை. அது ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது, ஆகவே போகிறது. அவ்வளவுதான். புவியீர்ப்பு அந்த வேகத்தை நொடிக்கு நொடி 9.8 மீட்டர் வீதம் குறைத்துக்கொண்டே வருகிறது. உச்சியில் வேகம் பூஜ்யம். ஆனால் அங்கேயும் முடுக்கம் அதே 9.8தான். கீழே வரும்போதும் அதேதான்.

நகர்கிற பொருளுக்குப் பின்னால் தள்ளுகிற ஆள் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று நம் மனம் பிடிவாதமாக நம்புகிறது. இந்தப் பிடிவாதம் நமக்கு மட்டும் உரியதல்ல. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் அப்படித்தான் நினைத்தார். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஃபிலோபோனஸ் அதை மறுத்தார். ஆனாலும் எறிந்த பொருளுக்குள் எறிந்தவன் ஏதோ ஒன்றை ஏற்றி அனுப்புகிறான் என்றார் அவர். பதினான்காம் நூற்றாண்டில் பாரீசில் பூரிடானும் ஏறக்குறைய அதையே சொன்னார். பின் வரிசை நண்பர் சொன்ன பதில் ஒன்றும் கேவலமானதல்ல. பெரிய மேதைகள் சொன்ன பதில்தான் அது!

ஏன் இத்தனை நூற்றாண்டு பிடித்தது? காரணம் உராய்வு. மாட்டை அவிழ்த்துவிட்டால் வண்டி நின்றுவிடுகிறது. ஆகவே வண்டி ஓடுவதற்கு மாடு தேவை என்று முடிவு கட்டுகிறோம். உண்மையில் மாடு பாடுபடுவது உராய்வை ஈடுகட்டுவதற்குத்தான். கலிலியோ சாய்தளங்களில் வழவழப்பான உருண்டைகளை உருட்டிப் பார்த்தார். உராய்வு குறையக் குறைய உருண்டை அதிக தூரம் ஓடுவதைக் கண்டார். உராய்வே இல்லாவிட்டால்? நிற்காது. 1638இல் வெளிவந்த அவருடைய நூலில் இயக்கத்தின் கணக்கு தெளிவாக வந்துவிட்டது. 1687இல் நியூட்டன் அதை மூன்று விதிகளாக வகுத்தார்.

இதற்குக் கண்கண்ட சாட்சி வேண்டுமா? 1977 செப்டம்பர் 5ஆம் தேதி அமெரிக்காவிலிருந்து கிளம்பியது வாயேஜர் 1. 2012இல் சூரியக் காற்று வீசும் எல்லையையே தாண்டிவிட்டது. நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. அதை எந்த என்ஜினும் தள்ளவில்லை. அதில் இருக்கும் கொஞ்ச எரிபொருள் ஆன்டெனாவைப் பூமியின் பக்கம் திருப்பி வைப்பதற்குத்தான். மற்றபடி அது ஓடுகிறது, ஏனென்றால் அதை நிறுத்த யாரும் இல்லை.

ஆக, முதல் விதியைப் புத்தகத்தில் உள்ளபடி மூன்று வரியில் மனப்பாடம் செய்ய வேண்டாம். இப்படி நினைவில் வையுங்கள்: ஓடுவதற்கு விசை வேண்டாம். ஓட்டத்தை மாற்றுவதற்குத்தான் விசை வேண்டும். கிளப்ப, நிறுத்த, திருப்ப.

தேரும் முட்டுக்கட்டையும்

எவ்வளவு விசை வேண்டும்? அதற்குப் பதில் இரண்டாம் விதி. விசை என்பது நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் வருவது. இதை விளங்க வைக்க நம் ஊர்த் தேரைவிட நல்ல கருவி எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை.

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்தோடு 96 அடி உயரம், 300 டன் எடை என்று சொல்வார்கள். வடத்தை ஆயிரக்கணக்கானவர்கள் பிடித்து இழுத்தாலும் சட்டென்று அசையாது. பின்னாலிருந்து புல்டோசர் தள்ளிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நிலையில் நிற்கும்போது இருக்கும் உராய்வு, உருள ஆரம்பித்தபின் இருப்பதைவிட அதிகம். அதோடு 300 டன் நிறைக்குக் கொஞ்சமாவது வேகம் ஊட்டியாக வேண்டும். ஒருமுறை உருண்டுவிட்டால் இழுப்பவர்களுக்கு இலகுவாகிவிடும். ஆனால் அப்போதுதான் உண்மையான ஆபத்து ஆரம்பிக்கிறது. வடத்தை விட்டுவிட்டாலும் தேர் நிற்காது. அதற்காகத்தான் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவதற்கென்றே கைதேர்ந்தவர்கள் கூடவே வருகிறார்கள். தேரை இழுப்பவர் ஆயிரம் பேர், அவர்களை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. கட்டை போடுகிறவர் சிலர்தான். உயிர் அவர்கள் கையில் இருக்கிறது. "முட்டுக்கட்டை போடாதே" என்று நாம் திட்டுவதற்குப் பயன்படுத்தும் சொல், தேரோட்டத்தில் கும்பிடத்தக்க சொல்!

ஒரு சின்னக் கணக்கு. 300 டன் தேர் நொடிக்கு அரை மீட்டர் வீதம், அதாவது மெல்ல நடக்கும் ஆளைவிட மெதுவாக, நகர்கிறது என்று வையுங்கள். நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். ஆட்களை ஏற்றிக்கொண்டு 15 டன் எடையுள்ள ஒரு பஸ் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, அதாவது நொடிக்கு 10 மீட்டர். அதன் உந்தத்தையும் போடுங்கள். இரண்டும் ஒன்றே. ஊர்ந்து செல்லும் தேரும் ஓடுகிற பஸ்ஸும் உந்தத்தில் சமம்.

அதனால் இரண்டுக்கும் ஒரே அளவு தடுப்பு விசை கொடுத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கும். ஆனால் ஒரே தூரத்தில் நிற்காது. அந்த நேரத்துக்குள் பஸ் தேரைப் போல 20 மடங்கு தூரம் போய்விடும், ஏனென்றால் அதன் வேகம் 20 மடங்கு. இந்த இடத்தைக் கொஞ்சம் மனத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

நிறையும் எடையும்

இரண்டாம் விதியில் வரும் "நிறை" என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கடைக்காரர் தராசில் நிறுப்பதை நாம் எடை என்கிறோம். பாடப் புத்தகம் நிறை வேறு, எடை வேறு என்கிறது. இலங்கைப் பாடநூல்களிலோ நாம் நிறை என்பதைத் திணிவு என்றும், நாம் எடை என்பதை நிறை என்றும் எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்து நண்பரோடு இயற்பியல் பேசினால் முதல் பத்து நிமிடம் இதிலேயே போய்விடும். சொல் எதுவானாலும் பொருள் இதுதான்: நிறை என்பது வேகத்தை மாற்றவிடாமல் ஒரு பொருள் காட்டும் பிடிவாதம். எடை என்பது அதைப் பூமி இழுக்கும் விசை.

நிலவில் எடை ஆறில் ஒரு பங்குதான். ஆனால் நிறை மாறாது. அங்கே ஒரு பாறாங்கல்லைத் தூக்குவது சுலபம். அதையே ஓங்கிக் காலால் உதைத்தால் வலி பூமியில் போலத்தான் இருக்கும்.

2023 ஆகஸ்ட் 23 அன்று நாமெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3 இறங்கிய நாள். கிளம்பும்போது சுமார் 1,750 கிலோகிராம் நிறையுள்ள இறங்குகலம், நிலவுக்கு மேலே 30 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 1.68 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. மணிக்கு 6,000 கிலோமீட்டர்! நிலவில் எடை குறைவுதானே என்று நிம்மதியாக இருக்க முடியுமா? நிறுத்த வேண்டியது எடையை அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் நிறையை. பாராசூட் விரிக்கலாம் என்றால் அங்கே காற்று இல்லை. ஆகவே போகும் திசைக்கு எதிராக என்ஜினை இயக்கி, சுமார் 19 நிமிடத்தில் அந்த வேகத்தை முழுக்கக் கரைத்தார்கள். அந்த 19 நிமிடமும் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது வேறொன்றும் இல்லை. ஒரு பிரேக் பிடிக்கும் காட்சிதான்.

மூன்றாம் விதியை அதிகம் விரிக்கப் போவதில்லை. மாடு வண்டியை எவ்வளவு இழுக்கிறதோ, வண்டியும் மாட்டை அவ்வளவே இழுக்கிறது. பிறகு வண்டி எப்படி நகர்கிறது என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் கேட்பார். நல்ல கேள்வி. அந்த இரண்டு விசைகளும் ஒரே பொருளின் மேல் இல்லை, ஆகவே ஒன்றையொன்று ரத்து செய்யாது. மாடு தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரை மாட்டை முன்னால் தள்ளுகிறது. சேற்றில் மாடு வழுக்கும்போது இது நன்றாகவே புரிந்துவிடும். மூன்றாம் விதி நமக்கு இன்று ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் வேண்டும்: நீங்கள் ரோட்டை எந்த விசையோடு மோதுகிறீர்களோ, ரோடும் உங்களை அதே விசையோடு மோதும். ரோட்டுக்கு இரக்கம் கிடையாது.

இனிமேல்தான் பாடம்

இவ்வளவு நேரம் பேசியது முன்னுரை. கல்லூரி வாசலில் காலையில் இறங்கியதும் நான் பார்த்தது வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்கள். நாங்கள் படித்தபோது சைக்கிள் ஷெட் என்று இருந்த இடம் அது. சந்தோஷம். ஆனால் பல வண்டிகளில் ஹெல்மெட் கண்ணாடிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாக, கீறல்கூட இல்லாமல். தலையில் ஏறாத ஹெல்மெட் என்று பார்த்தவுடனே தெரிகிறது.

முதலில் பிரேக். மணிக்கு 36 கிலோமீட்டரில் போகிறீர்கள். எதிரே ஒரு குழந்தை ஓடிவருகிறது. கண் பார்த்து, மூளை சொல்லி, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி. அதற்குள் 10 மீட்டர் போய்விட்டது. நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் பிரேக் பிடித்தபின் இன்னும் 7 மீட்டர். மொத்தம் 17. இப்போது அதையே 72இல் ஓட்டுங்கள். அந்த ஒரு நொடியில் 20 மீட்டர். பிரேக் பிடித்தபின் 14 மீட்டர் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, 28க்கும் மேல். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு. மொத்தம் ஏறத்தாழ 49 மீட்டர். தேர், பஸ் கணக்கில் மனத்தில் வைக்கச் சொன்னேனே, அதுதான் இது. வேகம் கூடினால் நிற்கும் நேரமும் நீள்கிறது, அந்த நேரத்தில் ஓடும் ஓட்டமும் அதிகம். மழை பெய்த ரோட்டில் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் மோசமாகும்.

அடுத்து தலை. "சார், நான் மெதுவாகத்தான் போவேன், பக்கத்துத் தெருவுக்குத்தான், ஹெல்மெட் எதற்கு?" என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. வண்டி வேகமே வேண்டாம். நின்ற வண்டியிலிருந்து சரிந்து தலை ரோட்டில் மோதுகிறது. தலை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அந்த வேகம் பூஜ்யமாகியே தீர வேண்டும். அதில் பேரம் கிடையாது. எவ்வளவு தூரத்தில் பூஜ்யமாகிறது என்பதுதான் கேள்வி.

வெறும் தலை என்றால் தோலும் எலும்பும் சில மில்லிமீட்டர்தான் விட்டுக்கொடுக்கும். 3 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஒன்றரை மீட்டரில் புவியீர்ப்பு சேர்த்த வேகத்தை 3 மில்லிமீட்டரில் அழிக்க வேண்டும். 1500ஐ 3ஆல் வகுங்கள். 500. புவியீர்ப்பைப் போல 500 மடங்கு. தலையின் நிறை சுமார் 5 கிலோ. அப்படியானால் அந்தக் கண நேரத்தில் மண்டை ஓட்டின் மேல் விழுவது இரண்டரை டன் சுமை.

ஹெல்மெட் போட்டிருந்தால்? வெளியே இருக்கும் கடினமான ஓடு அடியைப் பரப்பிவிடுகிறது. அசல் வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு. அது நசுங்குகிறது. இரண்டரை சென்டிமீட்டர் நசுங்கினால், 1500ஐ 25ஆல் வகுங்கள். 60 மடங்கு. சுமை 300 கிலோ. இரண்டரை டன் எங்கே, 300 கிலோ எங்கே! இது தோராயக் கணக்குதான். ஆனால் வித்தியாசம் என்ன அளவில் இருக்கும் என்பதை இது காட்டுகிறது. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுக்கிறீர்களே, அதே வேலையைத்தான் ஹெல்மெட் தலைக்குச் செய்கிறது. ஒருமுறை நசுங்கிய அடுக்கு திரும்ப எழாது. ஆகவே அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே நன்றாக இருந்தாலும், மறுபடி போடக்கூடாது.

வாரைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறவர்கள் முதல் விதியை மறந்தவர்கள். தலை நிற்கும்போது ஹெல்மெட் நிற்காது, அது தன் வழியே போகும். மண்டை ஓடு நிற்கும்போது உள்ளே இருக்கும் மூளையும் அப்படித்தான். அதுவும் முதல் விதிக்குக் கட்டுப்பட்டதுதான்.

என்னிடம் படித்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம். நிலைமம் பற்றிய கேள்விக்கு ஒரு புள்ளிகூடக் குறைக்க முடியாதபடி விடை எழுதியவன். பஸ் திடீரென்று நிற்கும்போது பயணி ஏன் முன்னால் சாய்கிறார் என்று படம் போட்டு விளக்கியிருந்தான். அடுத்த ஆண்டு, வீட்டிலிருந்து இரண்டே தெரு தள்ளி, மணல் சறுக்கி விழுந்தான். வேகமாகப் போகவில்லை என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க்கின் மேல் இருந்தது. அவன் எழுதிய விடைத்தாளுக்கும் அந்த டேங்க்குக்கும் நடுவே இருந்த தூரத்தைத்தான் ஓர் ஆசிரியனாக நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அவன் அப்பாவிடம் என்ன சொல்ல முடியும்? பையன் நல்ல மதிப்பெண் வாங்கினான் என்றா?

ஹெல்மெட் வந்த கதையிலும் ஒரு சாவு இருக்கிறது. அரேபிய லாரன்ஸ் என்று புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ் 1935 மே மாதம் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, ஆறு நாள் கழித்து இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அவர் அதோடு விட்டுவிடவில்லை. போர்க்காலத்தில் செய்தி கொண்டுபோகும் ராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941இல் கட்டுரை எழுதினார். ஹெல்மெட் உயிரைக் காக்கும் என்பதற்கு அது அடித்தளமாக அமைந்தது. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. அபராதத்துக்குப் பயந்து போடுகிறவர்கள் போலீஸ்காரர் இல்லாத தெருவில் கழற்றிவிடுவார்கள். நியூட்டனுக்காகப் போடுங்கள். அவர் எல்லாத் தெருவிலும் நிற்கிறார்.

வேண்டுகோள் மூன்று

மாணவர்களுக்கு: ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டை வாங்குங்கள், வாரைப் பூட்டுங்கள். பின்னால் உட்காரும் நண்பனுக்கும் தலை ஒன்றுதான் இருக்கிறது. அவனுக்கும் ஒன்று.

ஆசிரியர்களுக்கு: விதியை எழுதச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். "மேலே போகும் பந்தின் மேல் என்ன விசை?" என்று கேளுங்கள். ஒரு முட்டையைத் தெர்மோகோலின் மேலும் வெறுந்தரையின் மேலும் போட்டுக் காட்டுங்கள். இரண்டு முட்டை செலவில் இரண்டாம் விதி வாழ்நாளுக்கும் நிற்கும்.

முன்னாள் மாணவர்களாகிய நமக்கு: ஆண்டுதோறும் இயற்பியலில் முதலிடம் பெறுகிறவருக்குப் பரிசு கொடுக்கிறோம். நல்ல காரியம், தொடரட்டும். அதோடு, முதலாண்டு சேரும் மாணவர்களில் வண்டி ஓட்டும், ஆனால் வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்குச் சங்கத்தின் சார்பில் ஹெல்மெட் கொடுக்கலாம். முதல் பத்துக்கு நான் பொறுப்பு. மீதியை மேடையில் இருப்பவர்களும் எதிரில் இருப்பவர்களும் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. இனி உங்களை உட்கார வைக்க எந்த விசையாலும் முடியாது.